நான்காம் வரியில் பூஜ்யம்

அந்த விண்ணப்பத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் பதினொரு வரிகள் இருந்தன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதல் வரி கட்டட வாடகையில் ஒரு பங்கு. இரண்டாவது பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். மூன்றாவது அந்த வேனுக்கு இன்சூரன்ஸ். நான்காவது வரி ஒருங்கிணைப்பாளர். அதற்கு நேரே நான் முதலில் எழுதியது ஐம்பத்தேழாயிரம் திர்ஹாம். அனுப்பும்போது அங்கே இருந்தது பூஜ்யம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நான் செய்த காரியத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கேள்வி கேட்க வேண்டியவரும் இப்போது இந்த நாட்டில் இல்லை.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் காஸ்டிங் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கணக்கிடுவது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு அது ஒரு வியாதியாக என்னிடம் தங்கிவிட்டது. வீட்டிலிருந்து மையத்துக்குப் போகும் வழியில் பதினான்கு சிக்னல். காலையில் ஐந்து மாத்திரை, இரவில் மூன்று. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று பார்க்காமல் என்னால் படுக்க முடியாது. அபுதாபியில் மகளின் வீட்டில், மகளின் விசாவில் இருக்கிறேன். இந்தக் கடைசி விஷயத்தை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் விசாவில் வாழ்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மையம் என்று நாங்கள் சொல்வது முசஃபா ஷாபியாவில் ஒரு கட்டடத்தின் தரைத்தளம். மூன்று அறை, ஒரு சமையலறை. வளர்ச்சியில் பின்தங்கிய பதினேழு பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கு வருவார்கள், ஆறு மணிக்குப் போவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேர், மற்றவர்கள் மலையாளி, பாகிஸ்தானி, ஒரு பிலிப்பினோ. பெரிய நிலையங்களில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்கும் பணத்தை ஒரு மாதத்துக்குக்கூடக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். முறையாக உரிமம் வாங்கி நடத்துகிறோம். குழுவில் ஐந்து பேர். நான் பொருளாளர். தலைவர் இராமநாதபுரத்துக்காரர், முசஃபாவில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். “நம்ம சாரு ஒரு குபூஸ் ரொட்டி வாங்குனாலும் ரெண்டு பக்கமும் எண்ணித்தான் பாப்பாரு” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அது பாராட்டாகத்தான் இருந்தது.

உண்மையில் மையத்தை நடத்தியது நாங்கள் ஐந்து பேரும் அல்ல. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர். ஐம்பது வயதை ஒட்டியவர். ஊரில் சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். கணவர் இங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய விசாவில் வந்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்களிடம் உதவிக்கு வந்தார். நான்கு வருடத்தில் உதவி முழு வேலையாகிவிட்டது. வாரம் இரண்டு முறை வரும் தெரபிஸ்ட்டுக்குப் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து பணம் போகும். வேன் டிரைவருக்குச் சம்பளம் உண்டு. டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்ட இவருக்கு மட்டும் மாதம் அறுநூறு திர்ஹாம், போக்குவரத்துச் செலவு என்ற பெயரில். டாக்சிக்கு எவ்வளவு ஆகிறது என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். ஐந்நூற்றெழுபது வரும். மிச்சம் முப்பது திர்ஹாம் அவர் கையில் நிற்கிறதே என்றுகூட ஒருமுறை எண்ணியிருக்கிறேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

டீச்சரிடம் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சில பக்கங்கள். இன்று என்ன செய்தது, எத்தனை முறை செய்தது, யார் உதவியோடு செய்தது என்று அன்றன்று எழுதிவிடுவார். ஒரு பதினொரு வயதுச் சிறுமி சட்டைப் பட்டனைப் போடப் பழகியது பதினான்கு பக்கம் இருந்தது. சட்டையில் ஆறு பட்டன். முதல் மாதம் பூஜ்யம். ஏழாம் மாதம் ஐந்து. ஆறாவது, கழுத்துப் பட்டன், இன்னும் வரவில்லை. நான் அந்த நோட்டை முதன்முதலாகப் பார்த்த அன்று என்னைப் போல ஒருவர் என்று சந்தோஷப்பட்டேன். என்னைப் போல இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. நான் எண்ணுவதால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

ஒரு பெரிய அறக்கட்டளை எங்களைப் போன்ற சிறிய மையங்களிடம் விண்ணப்பம் கேட்டது. ஒரு வருடத்துக்கு நிதி. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு லட்சத்து எண்பதாயிரம். படிவமும் வழிகாட்டிக் குறிப்புமாக இருபத்தாறு பக்கம். நான்தான் நிரப்பினேன். பிள்ளைகளின் முன்னேற்றத்தை எண்ணிக்கையில் காட்டச் சொல்லும் பகுதிக்கு டீச்சரின் நோட்டிலிருந்து எடுத்து அட்டவணை போட்டேன். அதைச் செய்ய அவர் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் சொன்னார்.

மூன்றாம் நாள் எழுந்து போகும்போது வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ஐயா, அதிலை எனக்கும் ஒரு வரி போடுவீங்களோ? இவற்றை கொம்பனி இனிச் சரிவராது போல கிடக்கு.”

‘இவற்றை’ என்றால் இவருடைய; கணவரைச் சொன்னார். நான் திரையில் நான்காம் வரியைக் காட்டி, “போட்டாச்சு டீச்சர்” என்றேன். மாதம் நாலாயிரம், பன்னிரண்டு மாதம், அதோடு விசா, மருத்துவக் காப்பீடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். அவர் அதை வாசித்தார். உதடு அசைந்தது. பிறகு தலையாட்டிவிட்டுப் போனார்.

அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முந்தைய மாலை. மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மொத்தத்தை ஏழாவது தடவையாகக் கூட்டினேன். சரியாக வந்தது. ஆனால் நான்காம் வரி கண்ணை உறுத்தியது. நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு ஒரு ஆளுக்குப் போகிறது.

வளைகுடாவில் நம் ஆட்களின் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, “நீங்கள் கொடுத்த நூறு திர்ஹாமில் நூறும் பிள்ளைகளுக்கே போனது, நிர்வாகச் செலவு பூஜ்யம்” என்று சொல்ல வேண்டும். கை தட்டுவார்கள். ஐந்து வருடம் நான் அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சேவை செய்கிறவர் சம்பளம் வாங்கினால் அடுத்த நாளே கார் நிறுத்தும் இடத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். அறக்கட்டளைக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வழிகாட்டிக் குறிப்பின் பத்தொன்பதாம் பக்கத்தில், ஊழியர் சம்பளத்துக்கு மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது வரை கேட்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை வாசித்தேன். அது ஒரு சோதனை என்று எனக்குத் தோன்றியது. கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, யார் கேட்காமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள், கேட்காதவனுக்குத்தான் கொடுப்பார்கள்.

இது பாதிக் காரணம். மீதிப் பாதியை மகளிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்து வருடமாக நானும் சும்மாதான் வேலை செய்கிறேன். எனக்கு வரி இல்லை. அவருக்கு மட்டும் எதற்கு?

ஐம்பத்தேழாயிரத்தை எடுத்தேன். ஒன்பதாம் வரியில், உணர்வுப் பயிற்சி அறைக்கான ஊஞ்சல், மெத்தைகள், வண்ண விளக்குகள் என்று இருபத்துமூவாயிரம் இருந்ததை எண்பதாயிரமாக்கினேன். நான்காம் வரிக்கு நேரே ‘தன்னார்வலர்’ என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். மொத்தம் மாறவில்லை. அந்தப் பூஜ்யம் பார்க்க அழகாக இருந்தது. அனுப்பிவிட்டு மூன்று மாத்திரையையும் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். டீச்சரிடம் சொல்லவில்லை. தேர்வாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி மையத்தைப் பார்க்க வந்தார். உள்ளூர் அரபுப் பெண், முப்பது வயது இருக்கும். நாங்கள் எடுத்துப் போட்ட நல்ல நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் நோட்டைக் காட்டி ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆங்கிலத்தில் சொன்னார். பட்டன் போடும் சிறுமி வந்து, அதிகாரியின் முன்னால் நின்று ஐந்து பட்டன் போட்டாள். நான் மனதுக்குள் எண்ணினேன். அதிகாரியும் எண்ணினார், அரபியில், விரலை மடக்கி.

பிறகு அவர் தன் டேப்லெட்டில் எங்கள் விண்ணப்பத்தைத் திறந்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். டீச்சரைக் கண்ணால் காட்டி, இவர் பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

டீச்சர் இரண்டடி தள்ளி ஒரு பையனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல, இவர் தன்னார்வலர் மேடம், எங்கள் மையத்தில் யாரும் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்வதில்லை, நான்காம் வரியைப் பாருங்கள், பூஜ்யம் என்றேன். தலைவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதிகாரியின் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. இவர் நாளை வர முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்படி ஆகாது, இது அவருக்கு வேலை இல்லை, சேவை என்றேன். தேர்வுக் குழு பதினொரு நாளில் கூடும், அதற்குள் எதையாவது திருத்த வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள் என்று மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனார். அது எவ்வளவு பெரிய கருணை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

டீச்சர் இடது காலுக்கு மாட்டி முடித்துவிட்டு வலது காலை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆறு மணிக்கு வேன் போன பிறகு சமையலறையில் பால் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினேழு டம்ளர். நான் வாசலில் போய் நின்றேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்த வரியை எப்ப எடுத்தனீங்கள்?”

கடைசி நாளுக்கு முதல் நாள் என்றேன். அப்படிக் கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன் என்றேன்.

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், ஐயா. கலீஃபா சிட்டியிலை ஒரு நர்சரியிலை கேட்டவை. விசாவும் தாறம் எண்டவை. நீங்கள் போட்டாச்சு எண்டு சொன்னதாலை நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கணவரின் கம்பெனி மூடுகிறது. மாதக் கடைசியில் அவர் விசா ரத்தாகும். அதோடு இவருடையதும் போகும். தனக்கென்று ஒரு விசா இருந்தால் இங்கே தங்கிக்கொண்டு, கணவரை விசிட் விசாவில் வரவழைத்து வேறு வேலை தேடலாம் என்று இருந்தார்கள். இவ்வளவையும் ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நாலாயிரம் திர்ஹாம் அவருக்குப் பெரிது இல்லை. அந்த வரியில் இருந்தது அவருடைய விசா. எந்த ஊரில் வேண்டுமானாலும் சம்பளம் என்பது சம்பளம்தான். இந்த ஊரில் அது தங்கும் உரிமை. முப்பத்துநான்கு வருடம் இங்கே ஆள் கணக்குப் போட்டவன் நான். ஓர் ஆளை வரியிலிருந்து எடுத்தால் ஆள் எங்கே போவான் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேரின் டிக்கெட் செலவை நானே எழுதியிருக்கிறேன்.

“உங்களிலை கோவம் இல்லை. நான் சும்மா நிண்ட ஆள் எண்டு அந்தப் பாக்க வந்த பிள்ளைக்கு முன்னாலை சொன்னீங்கள் பாருங்கோ, அதுதான்” என்றார். மறுபடி தண்ணீரைத் திறந்தார்.

பதினொரு நாள் இருந்தது. அன்றே வீட்டுக்குப் போய் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். நான்காம் வரியில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். தவறு எப்படி நேர்ந்தது என்று எழுத வேண்டியிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதை நானே தவறு என்று சொல்ல வேண்டும். அனுப்பாமல் வைத்தேன். மறுநாள் தலைவருக்கு போன் செய்தேன். அவர் கேட்டுவிட்டு, “இப்பப் போயி மாத்துனா ஏதோ கோல்மால்னு நெனச்சுக்குவாங்க சார். வர்றதும் கெட்டுப்போகும். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க. டீச்சருக்கு வேற ஏதாச்சும் பாப்போம்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்று நான் நம்பவில்லை. ஆனால் என் நிம்மதியை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை ஒன்பது தடவை திறந்து மூடினேன். பதினோராம் நாள் போய்விட்டது.

கேட்ட தொகை முழுதும் கிடைத்தது. கடிதத்தில் ஒரு வரி பாராட்டும் இருந்தது: பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்திருக்கும் முறை மற்ற மையங்களுக்கு எடுத்துக்காட்டு என்று. தலைவர் மையத்துக்குப் பிரியாணி அனுப்பினார். பிள்ளைகளின் தட்டுகளில் எலும்பை நீக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் டீச்சர்தான்.

அன்றுதான் அதிகாரிக்கு எழுதினேன். ஒன்பதாம் வரியிலிருந்து நான்காம் வரிக்கு மாற்ற அனுமதி கேட்டேன். உடனே பதில் வந்தது, மரியாதையாக. அங்கீகரித்த பிறகு எந்த வரியையும் அதன் தொகையில் நூற்றுக்குப் பத்து வரைதான் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் கேளுங்கள். பூஜ்யத்தில் நூற்றுக்குப் பத்து எவ்வளவு என்று கணக்குப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது. என் கிராஜுவிட்டிப் பணம் வங்கியில் இருக்கிறது. மையத்துக்கு அதை முறைப்படி கொடுத்து, அவருக்கு ஒரு வருடச் சம்பளமும் விசாவும் போட்டிருக்கலாம். அதை நினைக்காமல் இல்லை. வங்கி ஆப்பைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். எண்ணியதோடு நிறுத்திக்கொண்டேன். என் மருந்துச் செலவு, மகளுக்குப் பாரமாகக் கூடாது, என்னென்னவோ வரிகள் வந்து நின்றன.

பிரிவு உபசாரம் வைத்தோம். நம் ஆட்கள் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பது பொன்னாடையும் கேடயமும். அவற்றை வாங்கும் பொறுப்பு பொருளாளருடையது. கேடயம் எண்பத்தைந்து திர்ஹாம், கண்ணாடியில் ‘தன்னலமற்ற சேவைக்கு’ என்று பொறித்தது. கணக்கில் இதர செலவு என்று எழுதினேன். தலைவர் பொன்னாடை போர்த்தினார். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் சாவியையும் நோட்டையும் மேசைமேல் வைத்தார். கேடயத்தையும் பக்கத்தில் வைத்தார்.

“இது ரெண்டு கிலோ வரும், ஐயா. எங்களுக்கு முப்பது கிலோதான். இஞ்சையே இருக்கட்டும்.”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, பெட்டியின் எடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு நாள் சமையலறைத் தராசில் கேடயத்தை நிறுத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி எட்டு.

இப்போது உணர்வுப் பயிற்சி அறை தயாராகிவிட்டது. ஊஞ்சல் தொங்குகிறது, விளக்குகள் நிறம் மாறுகின்றன. எந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம் அதில் விடலாம் என்று தெரிந்தவர் இல்லாததால் தெரபிஸ்ட் வரும் இரண்டு நாள் மட்டும் திறக்கிறோம். மற்ற நாட்களில் குழுவினரின் மனைவிமார் முறைவைத்து வருகிறார்கள். நானும் தினமும் போகிறேன். பட்டன் போடும் சிறுமியோடு உட்காருவது என் வேலை. நோட்டில் இப்போது என் கையெழுத்து. அவர் போன முதல் மாதம் ஐந்து. இரண்டாம் மாதம் நான்கு. சில நாட்கள் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுகிறாள்.

அடுத்த ஆண்டுக்கான படிவம் வந்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன். யார் பெயரும் இல்லை.

போன வாரம் டீச்சரிடமிருந்து வாட்ஸப் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. எங்கள் நலத்தை விசாரித்துவிட்டு, அந்தப் பிள்ளை இப்போது எத்தனை பட்டன் போடுகிறாள் என்று கேட்டிருந்தார். ஆறு என்று எழுதினேன். அழித்தேன். ஐந்து என்று எழுதி அதையும் அழித்தேன். பிறகு உள்ளபடி, மூன்று என்று அனுப்பினேன். இரண்டு நீலக் குறியும் வந்தன. என்ன சொல்லித் திட்டினாலும் தகும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பதில் குரல் செய்தியாக வந்தது. பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. “மேலையிருந்து துவங்காதேங்கோ, ஐயா. கீழ்ப் பட்டனிலையிருந்து துவங்கச் சொல்லுங்கோ. அவளுக்குக் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

மறுநாள் அப்படியே செய்தேன். நான்கு போட்டாள். நோட்டில் தேதி போட்டு எழுதினேன். யார் உதவியோடு என்ற கட்டத்தில் டீச்சரின் பெயரை எழுதினேன். அந்தப் பாடத்துக்கும் நாங்கள் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை.